கலியன் சாமி சமாதியான விதம்

புதுச் செருப்பு என்றால் முதல் வாரம் கடிக்கத்தான் செய்யும், மேடம். இதை யாரும் குற்றம் என்று சொல்ல மாட்டார்கள். நடக்க நடக்கத் தோல் காய்த்துவிடும், அப்புறம் காலில் செருப்பு இருப்பதே மறந்துபோகும். கலியன் சாமிக்கும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன்.

சரியாகச் சொன்னால் அது செருப்பு இல்லை, பாதக்குறடு. பலாக்கட்டையில் செதுக்கி, மேலே வெள்ளித் தகடு போர்த்தி, விரலால் கவ்விக்கொள்ள ஒரு குமிழ் வைத்தது. நான்தான் செய்யச் சொன்னேன். அதுவரை சாமி வெறுங்காலில் நடந்தார். வெறுங்காலைக் கும்பிட ஜனங்களுக்கு உள்ளுக்குள் ஒரு தயக்கம் உண்டு. தெருவில் கிடக்கிறது எல்லாம் அதில் ஒட்டியிருக்கிறது. வெள்ளி போட்ட கால் என்றால் கை தானாகக் குவியும். தகடு போர்த்திய தட்டான் அதன் ஓரத்தை ஒழுங்காக மடக்கவில்லை. கட்டைவிரல் இடுக்கில் லேசாகக் கிழித்தது. அவ்வளவுதான் ஆரம்பம்.

நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள். அதனால் நானும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் என் அப்பாவுக்குக் காயலான் கடை. உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றி அனுப்புவோம். நான் வளர்ந்த இடத்தில் எந்த மனிதனும் முதல் விலையை உண்மையாகச் சொல்ல மாட்டான். சொன்னால் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பூட்டி வைக்கச் சொல்வோம். என் அப்பா முருகனிடம்கூட, லோடு போய்ச் சேரட்டும், தேங்காயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பேசுவார். முருகனும் அவருக்கு ஏற்ற மாதிரி பாதி வேலைதான் செய்து கொடுப்பார்.

கலியனை நான் முதலில் பார்த்தது எளாவூர் செக்போஸ்ட்டில். லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு டிரைவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பழவேற்காட்டு ஏரியில் வலை போட்டவர். பெண்டாட்டி செத்த பிறகு படகுப் பக்கமே போகாமல் ரோட்டோரம் வந்துவிட்டார். அன்றைக்கு மழைக்காற்றில் என் லாரியின் தார்ப்பாய்க் கயிறு அறுந்து, பாய் மேலே அடித்துக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே ஏறிப்போய் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு இறங்கினார். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"நீ இன்னா குடுத்தாலும் சரி நைனா. குடுக்கலைன்னாலும் சரி" என்றார்.

இது புது மாதிரி பேரம் என்று நினைத்து, வேண்டுமென்றே ஒன்றும் கொடுக்காமல் கிளம்பினேன். பின்னாலேயே வந்தார். இதோ கேட்கப் போகிறார் என்று கண்ணாடியை இறக்கினேன். "ஆரம்பாக்கம் தாண்டி ரோடு மோசமாக் கீது, பார்த்து ஓட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. விலை சொல்லாத மனிதனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் ஒன்று உண்டு, மேடம். உடையவனே விலை சொல்லாத பொருளுக்கு விலை வைக்கிற பொறுப்பு வாங்குகிறவனுடையது. அதைப் பொறுப்பு என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

தேர்வாய் கண்டிகைப் பக்கம், தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டோரம் எங்களுக்கு ஒரு மனை கிடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு அவரை உட்காரவைத்தேன். உட்காரு என்றால் உட்கார்ந்தார். காவி கொடுத்தால் கட்டிக்கொண்டார். "இதெல்லாம் எதுக்கு நைனா, பேஜாரு" என்று ஒரு தடவை கேட்டார். உங்களைப் பார்த்தால் ஜனங்களுக்கு மனசு ஆறுகிறது என்றேன். அது உண்மை. "அப்டின்னா சரி" என்று தலையாட்டினார். யாருக்காவது ஆறுதல் என்றால் தீயில்கூட உட்காருகிற ஆள்.

ஷிப்டுக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். யாரும் காலில் விழவில்லை. காலியாக இருக்கிற கடைக்குள் முதலில் யாரும் நுழைய மாட்டார்கள். உள்ளே ஒருவர் நின்று துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனவே நான் விழுந்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு, மழை பெய்து சேறாகக் கிடந்த வாசலில், நெடுஞ்சாண்கிடையாக. காயலான் கடை முதலாளி மகன் துளசிராமனே விழுகிறான் என்று பேச்சாகிவிட்டது. அடுத்த வாரம் ஒரு கம்பெனி மேனேஜர் டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு விழுந்தார். பணிவு ஒட்டுவாரொட்டி, மேடம். அதற்குப் பிறகு யார் அதிகச் சேற்றில் விழுவது என்று போட்டியே வந்துவிட்டது. சிலர் சட்டையைத் துவைக்காமல் மறுபடி போட்டுக்கொண்டு வருவார்கள், கறை மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று.

சாமிக்கு உபதேசம் செய்யத் தெரியாது. ஒருநாள் பேச்சுவாக்கில், மீன் படாத மாசத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "பசியில உடம்பு கெஞ்சும் நைனா. அது பேச்சைக் கேட்டுக்கினு இருந்தா வலை போட முடியுமா?" அதைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தேன். 'உடம்பு கெஞ்சும், கேளாதே.' சாமிக்குப் படிக்கத் தெரியாது. இது யார் சொன்னது என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். வெட்கப்பட்டார்.

பாத தீர்த்தம் வெள்ளிக்கிழமைகளில் கொடுப்போம். தாம்பாளத்தில் சாமியின் காலை வைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, துளசி போட்டு, வரிசையில் வருகிறவர்களுக்கு ஒவ்வோர் உத்தரணி. வாங்கிக் குடித்துவிட்டு மிச்ச ஈரத்தைத் தலையில் தடவிக்கொள்வார்கள். கழுவுகிறது நான். பிறவியிலேயே எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். இன்னொருவர் குடித்த டம்ளரைத் தொட்டால் எனக்குக் குமட்டும். அப்படிப்பட்ட நான் இன்னொருவர் நகக்கண்ணில் விரல் விட்டுக் கழுவினேன் என்றால், அதைச் சரணாகதி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? அப்புறம் பின்பக்கம் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொள்வேன். அது வேறு.

காயம் ஆறவில்லை. ஆறாது என்று எனக்கும் தெரியும். வருகிறவர்கள் எல்லோரும் இனிப்புக் கொண்டுவந்தார்கள். சாமி வாயில் வைத்து எச்சில் படுத்திய பிறகுதான் அது பிரசாதம். கேசரி, லட்டு, பால்கோவா, நாஷ்டாவிலிருந்து ராத்திரிவரை ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு வாய். யார் மனதும் நோகக்கூடாது என்று அவர் எதையும் தள்ளமாட்டார். சர்க்கரை ஏறிவிட்டது. இடுக்கில் இருந்த கீறல் பள்ளமாகி, பள்ளம் கறுத்து, கட்டைவிரல் நாவற்பழம் மாதிரி ஆயிற்று. ஒருநாள் நான் துடைத்தபோது நகம் துணியோடு வந்துவிட்டது. அவருக்கு வலிக்கவில்லை. அதுதான் நல்லதற்கில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தாம்பாளத்தை நீட்டியபோது சாமி காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வேணாம் நைனா. புண்ணுத் தண்ணி. பாவம் ஜனங்க, கொழந்தைங்களுக்குல்லாம் குடுக்கறாங்க" என்றார்.

நான் எதிர்த்துப் பேசவில்லை. குருவை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் என்னிடம் இல்லை. கணுக்காலைப் பிடித்து மெதுவாக வெளியே எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். பச்சைக் கற்பூரத்தையும் ஏலக்காயையும் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். தண்ணீர் வடிகஞ்சி நிறத்துக்கு வந்தது. அதில் நூல் நூலாக எதுவோ மிதந்தது.

மணவாள நகரிலிருந்து பஸ் மாறி மாறி வருகிற திலகவதி அம்மா எப்போதும் வரிசையில் முதலில் நிற்பார். அன்றைக்கு உள்ளங்கையில் வாங்கியதும் நின்றுவிட்டார். கையையே பார்த்தார்.

"தம்பி, இதுல என்னமோ தோலு மாதிரி கீதே" என்றார் மெதுவாக.

"கண்ணால பார்த்துக் குடிக்கறதுக்கு இது காபியாம்மா?" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். உள்ளங்கையை நாக்கால் துடைத்தார், எல்லோரும் பார்க்கும்படி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவர்கள் எல்லோரையும் பார்த்தாலே அருவருப்புதான். கூசாமல் குடிக்கிற வாய்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது லேசில்லை. நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. கொடுக்கிறவன் குடித்தால் வரிசை தாமதமாகும்.

சிலருக்கு வாந்தியும் பேதியும் வந்தது. கர்மவினை கழிகிறது என்றேன். வாந்தி வராதவர்கள் மறுவாரம் வந்து, எங்களுக்கு மட்டும் ஏன் கழியவில்லை என்று சண்டை போட்டார்கள். இவர்களை நான் ஏமாற்றினேன் என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சாமி என்னிடம் தனியாகக் கேட்க ஆரம்பித்தார். காய்ச்சல் வந்து பாயோடு கிடந்த நாட்கள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஏதோ கடன் கேட்கிற மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்பார்.

"நைனா, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறியா? காலு கொதிக்குது. ராவெல்லாம் எனக்கே எங்காலு நாறுது."

நான் சுவரைக் காட்டினேன். "நீங்க சொன்னதுதான் சாமி" என்றேன். கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமா, சொன்னேன்" என்றார்.

என் நிலைமையைப் பாருங்கள். ஒரு பக்கம் குருவின் வாக்கு, இன்னொரு பக்கம் அதே குருவின் உடம்பு கெஞ்சுகிற கெஞ்சல். இரண்டில் எதற்குக் கட்டுப்படுவது? ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிடுவார்கள். ஒற்றைக்கால் சாமியின் எந்தக் காலை நான் கழுவுவது? வெட்டியதைக் குப்பையோடு போடுவார்களா, நம்மிடம் கொடுப்பார்களா, கொடுத்தால் அதற்குப் பூஜை உண்டா? இதையெல்லாம் நான்தான் யோசிக்க வேண்டியிருந்தது. பக்தர்களுக்கு அழ மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் அவருடைய அக்கா வந்தாள். செங்கம்மாள். பழவேற்காட்டில் மீன் விற்கிறவள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"இன்னாய்யா நாத்தம் இது? ஐஸ் போடாத மீனாட்டம். உள்ள இன்னாத்த வெச்சிக்கினு கீறீங்க?"

"சாமி தவத்துல இருக்காருமா" என்றேன்.

"சாமியா? அவன் மூக்கை என் முந்தானையில தொடச்சி வளத்தவ நானு. நவுரு."

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள். முழங்கால் வரை நிறம் மாறியிருந்தது. சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. புண்ணில் மொய்த்த ஈயைக் கையால் ஓட்டினாள். ஓட்டிக்கொண்டே பேசினாள்.

"டேய் கலியா, எழுந்திரு. ஆட்டோ நிக்குது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

அவர் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் என் பக்கம் திரும்பினார். "நைனா, போவட்டுமா?"

தரிசனத்துக்கு வந்த கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, குரு சீடனிடம் அனுமதி கேட்கிறார். அந்த அடக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நான் தடுக்கவில்லை. கை கூப்பினேன். "உங்க சித்தம் சாமி. ஆனா நீங்க போயிட்டா இவங்கல்லாம் எங்க போவாங்க?" என்று மட்டும் கேட்டேன். கேட்டுவிட்டுக் குப்புற விழுந்தேன். சாமியின் பாய்க்கும் வாசலுக்கும் நடுவில்.

நான் விழுந்தால் அவர்கள் விழுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஒருவர் பக்கத்தில் ஒருவராக, வாசல்வரை, வாசலுக்கு வெளியே ஆட்டோ வரை, முதுகும் பிடரியுமாகத் தரையே தெரியவில்லை. சாமி போக வேண்டுமானால் எங்களை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். நடக்கும்போது எறும்புக்கு ஒதுங்குகிறவர் அவர்.

எங்கள் முதுகுகளுக்கு மேல் அவர் குரல் கேட்டது. "அக்கா, நீ போ. இவங்க மேல கால வெச்சி நான் எப்டி வர்றது?"

"காலுன்னு ஒண்ணு இருந்தாத்தானடா வெப்ப" என்றாள் செங்கம்மாள். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னாள். "நாயித்துக்கெழம எங்க ஆளுங்களோட வர்றேன். அவன் மிதிக்க மாட்டான். நான் மிதிச்சிக்கினு வந்து தூக்கிக்கினு போறேன்." போகும்போது என் கை மேல் நிஜமாகவே மிதித்துவிட்டுப் போனாள்.

மீனவர்கள் சொன்னால் வருவார்கள். அதனால் சனிக்கிழமைக்கு ஜீவசமாதி என்று அறிவித்தேன்.

குரு தானாகக் குழியில் அமர்ந்து உடம்பை உதறுகிறதைத்தான் அப்படிச் சொல்வார்கள். சாமி உத்தரவு கொடுத்தாரா என்று நீங்கள் கேட்பது நியாயம். எல்லாவற்றையும் என் பொறுப்பில்தானே விட்டிருந்தார். அந்தச் சமயத்தில் அவர் பேசுகிற நிலையிலும் இல்லை; காய்ச்சலில் ஏரியைப் பற்றி ஏதோ முனகிக்கொண்டிருந்தார். ஒரு கான்ட்ராக்டர் ஜேசிபி அனுப்பினார். கொட்டகைக்குப் பின்னால் குழி எடுத்து, உள்ளே செங்கல் வைத்துப் பூசினோம். மூட்டை மூட்டையாக விபூதி வந்தது. கற்பூரம், வில்வம், கல்லுப்பு. காலை வெயில் ஏறுவதற்குள் ரோடு வரை கூட்டம். பம்பையும் சங்கும் காதைப் பிளந்தன. கடைசித் தீர்த்தம் என்று சொன்னதும் அடிதடியே நடந்தது.

அவரைக் குழிக்குள் இறக்கியபோது கூடவே இறங்கியவன் நான். பத்மாசனத்தில் உட்காரவைக்க வேண்டும், அழுகின கால் மடங்கவில்லை. காவித் துண்டால் தொடையோடு சேர்த்து இழுத்துக் கட்டினேன். கட்டும்போது பிதுங்கியது. அந்த நாற்றத்தில் நான் வாந்தி எடுக்காமல் இருந்ததே பெரிய விஷயம். மேலே இருந்து திலகவதி அம்மா விபூதித் தட்டோடு எட்டிப் பார்த்தார்.

"தம்பி, சாமி கண்ணு முழிச்சிப் பாக்கற மாதிரி கீதே."

"கடாட்சம்மா. கொட்டுங்க" என்றேன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு கொட்டினார். அவர் பின்னால் எல்லோரும் கொட்டினார்கள். அந்த விபூதிப் புகைக்குள் சாமி என்னிடம் ஒன்று கேட்டார். பம்பைச் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டது.

"நைனா, அக்கா வந்துச்சா?"

"வந்துடும் சாமி" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள், சொன்ன மாதிரி ஆட்களோடு. குழியை மூடிய கல்லைப் பெயர்க்கச் சொல்லி உங்களுக்குப் போன் போட்டதும் அவள்தான்.

மூச்சுக்குழாயில் விபூதி இருந்தது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கும். உயிரோடு இருந்தாரா என்று நேராகக் கேட்டீர்கள், நானும் நேராகச் சொல்கிறேன், இருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொட்டச் சொன்னேன். கல்லைப் போட்டு மூடச் சொன்னதும் நான்தான். மற்றவர்களைக் கேஸில் சேர்க்காதீர்கள். அவர்களுக்குப் பார்க்கக் கண் இருந்ததே தவிர, வேறொன்றும் இல்லை.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். விபூதி மார்புக்கு ஏறியபோது அவர் கை வெளியே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. வலை இழுத்த கை, மேடம். கழுத்துக்கு ஏறியும் விடவில்லை. விரல்களை நான்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. மேலே அத்தனை பேர் நின்றார்கள், அழுதுகொண்டு, அரற்றிக்கொண்டு. ஒருவர் பக்கம்கூட அவர் கை நீட்டவில்லை. கடைசியில் அவர் பிடித்துக்கொண்டது என்னைத்தான். இதோ, இந்த நகக்குறி அவருடையது. நேற்று மருந்து போட வந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குரு கொடுத்த பிரசாதம், ஆறிவிடக்கூடாது.